ஒளியைத் தடுமாறாமல் அனுப்புவது எப்படி?

நம் முன்னோர் காலத்து இரயில்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஓடின, தெரியுமா? சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வுக்கூடத்தில் விண்மீன்களைப் பார்த்து நேரம் குறித்தார்கள். அந்த நேரம் தந்திக் கம்பி வழியே ஊர் ஊராகச் சென்றது. இந்தியப் பொது நேரம் வரும்வரை இரயில்களுக்குச் 'சென்னை நேரம்'தான்.

இன்று கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை. மின்துடிப்புக்குப் பதில் லேசர் ஒளி. அண்டத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகள் ஓடினாலும் ஒரு வினாடி பிசகாத ஒளிக் கடிகாரங்கள் வந்துவிட்டன. இத்தனை நுட்பம் எதற்கு என்பீர்கள். பெங்களூர் சென்னையைவிட ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஆகவே ஐன்ஸ்டைன் சொன்னபடி, அங்குள்ள கடிகாரம் ஆண்டுக்குச் சுமார் 3 மைக்ரோ வினாடி முந்தி ஓடும்! இரு ஊர்க் கடிகாரங்களையும் ஒப்பிட்டால் உயரத்தையே அளந்துவிடலாம். ஆனால் ஒப்பிட வேண்டுமானால் ஓர் ஊரின் ஒளி மற்றோர் ஊருக்குக் கெடாமல் போய்ச் சேர வேண்டுமே!

அங்கேதான் தொல்லை. இழையில் செல்லும் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 194 லட்சம் கோடி முறை அதிர்கிறது. நம் நெடுஞ்சாலையோரம் புதைத்த இழையை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி போனால் அதிரும். வெயில் ஏறினால் நீளும். ஒரு பாகை வெப்பம் கூடினால், ஒரு கிலோமீட்டர் இழையில் ஒளி கடக்கும் பாதை சுமார் ஒரு சென்டிமீட்டர் மாறும். ஒளியலைக்கோ அது ஆயிரக்கணக்கான அலைகள்!

இதற்கு வழியை 1994-இல் அமெரிக்காவின் போல்டர் நகர அறிஞர்கள் காட்டினார்கள். சென்ற ஒளியில் கொஞ்சத்தை மறுமுனையிலிருந்து அதே இழையில் திருப்பி அனுப்பு. புறப்பட்ட ஒளியோடு ஒப்பிடு. போய்வந்த பிழையில் பாதிதான் ஒருவழிப் பிழை. அந்தப் பாதியை எதிர்க்குறியோடு முன்கூட்டியே ஒளியில் சேர்த்துவிட்டால் மறுமுனையில் சுத்தமான ஒளி கிடைக்கும். ஒலியலை பாயும் ஒரு படிகம் ஒளியின் அதிர்வெண்ணைச் சற்றே கூட்டிக் குறைத்து இதைச் செய்கிறது. ஒகேனக்கல் பரிசல்காரர் அக்கரையைப் பார்த்தபடியே, நீர் இழுக்கும் பக்கத்துக்கு எதிராகத் துடுப்புப் போடுவதில்லையா? அதுபோலத்தான்.

ஒரு குறை உண்டு. செய்தி திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். செருமனியில் பிரவுன்ஷ்வைக் நகரையும் கார்ஹிங்கையும் 920 கிலோமீட்டர் இழையால் இணைத்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே ஒளி போய்வர 9 மில்லி வினாடிக்கு மேலாகும். ஆகவே வினாடிக்கு 50 முறைக்கு மேற்பட்ட நடுக்கத்தைத் திருத்த முடியாது. அதற்குள் பழைய பிழை போய்ப் புதியது வந்துவிடும்!

எண்முறைக் கட்டுப்பாடு ஏன்? பழைய மின்சுற்று, கடிகாரத்தின் நிமிட முள்ளை மட்டும் பார்ப்பவரைப் போன்றது. நடுக்கம் பெரிதானால் முள் ஒரு முழுச் சுற்று ஓடியதே தெரியாது. ஓர் அலை கணக்கில் தவறிப்போகும். எண்முறைச் சில்லோ சுற்றுகளையும் எண்ணி நினைவில் வைக்கும். இழைக்கு இழை நீளம் மாறினாலும், திருத்தும் வேகத்தைச் சில எண்களை மாற்றியே சரிசெய்யலாம். சூட்டுகோல் எடுத்து மின்தடைகளை மாற்ற வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்!

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு 65 கிலோமீட்டர் இழை என்று வைத்துக்கொள்வோம். இழைக்குள் ஒளியின் வேகம் வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர். போய்வர எவ்வளவு நேரமாகும்? கணக்கிட்டு எழுதி வாருங்கள்.