கட்டியை எடுக்கலாம், கர்ப்பப்பையைக் காக்கலாம்

மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போகிறதா? ஏழு நாள் ஆகியும் நிற்கவில்லையா? அடிவயிறு கனக்கிறதா? அடிக்கடி சிறுநீர் வருகிறதா? கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம். இரத்தம் போய்ப் போய்ச் சோகை வரும். களை எடுக்கக் குனிந்தால் தலை சுற்றும். அக்கா, தங்கைமாரே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

கட்டி என்றால் என்ன?

கர்ப்பப்பை தசையால் ஆனது. அந்தத் தசையில் உருண்டையாக வளர்வதுதான் நார்க்கட்டி. வேர்க்கடலை அளவிலும் இருக்கும். மாங்காய் அளவுக்கும் வளரும். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. தொல்லை தராத கட்டிக்குப் பொதுவாக ஆபரேஷன் தேவையில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும்.

பையையே எடுக்க வேண்டுமா?

"பிள்ளை பெற்றாகிவிட்டது. இனி பை எதற்கு?" என்று சிலர் சொல்வார்கள். உடனே தலையாட்டாதீர்கள். 2015-16இல் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. நம் ஆந்திராவில் 15 முதல் 49 வயதுப் பெண்கள் 100 பேரில் சுமார் 9 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. நாடு முழுவதும் பார்த்தால் 100க்கு 3 பேர்தான். தேவையில்லாமல் பையை எடுப்பதைத் தடுக்கும் விதிமுறைகளை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிலருக்குப் பையை எடுப்பது அவசியம்தான். எல்லோருக்கும் அல்ல.

துளை வழி ஆபரேஷன்

முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். பலருக்கு மாத்திரையிலேயே இரத்தப்போக்கு குறையும். குறையாவிட்டால் கட்டியை மட்டும் எடுக்க வழி உண்டு.

மயக்க மருந்து கொடுப்பார்கள். தொப்புள் அருகே சுமார் 1 சென்டிமீட்டர் துளை போடுவார்கள். வாயு செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். கேமரா உள்ள குழாயை உள்ளே விடுவார்கள். உள்ளே இருப்பது டி.வி.யில் தெரியும். இன்னும் இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகக் கருவிகளை விட்டுக் கட்டியை எடுப்பார்கள். அந்த இடத்தைத் தைத்துவிடுவார்கள். கட்டி பையின் உட்புறம் இருந்தால் பிறப்பு வழியாகவே எடுக்கலாம். அப்போது வயிற்றில் வெட்டே இல்லை.

இதில் வலி குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் மிகப் பெரிய கட்டிக்கும் பல கட்டிகளுக்கும் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். கட்டி மீண்டும் வளரவும் கூடும். பிறகு கர்ப்பமானால் பிரசவம் கட்டாயம் ஆஸ்பத்திரியில்தான்.

கையெழுத்துப் போடும் முன்

சித்தூரில் மாவட்ட அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. திருப்பதியில் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அங்கே பெண் நோய் டாக்டரிடம் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் படிவம் தருவார்கள். கைநாட்டு வைத்த காலம் போயிற்று. படித்துப் பாருங்கள். தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எடுப்பது கட்டியையா, பையையா? இதைத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

பதில் எழுதுங்கள்

1. நார்க்கட்டியின் அறிகுறிகள் எவை?
2. துளை வழி ஆபரேஷனால் என்ன நன்மை?
3. கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?