மருத்துவமனையில் மதிப்பும் சிகிச்சையின் தரமும்

சமவெளிப் பகுதிகளில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் அமைதல் வேண்டும் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவாகும். கட்டடம், மருந்து, பணியாளர் ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது. "மருந்து நல்லதுதான், ஆனால் வாயைத் திறந்தால் வள்ளென்று விழுகிறார்கள்" என்னும் பேச்சு ஊர்ப்புறங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. இது வெறும் மனக்குறை அன்று. சிகிச்சையின் தரத்தைப் பற்றிய செய்தியாகும்.

மரியாதை என்பது சிகிச்சைக்கு மேற்பூச்சு அன்று. சிகிச்சையின் ஓர் அங்கமே. காரணம் எளிது. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவர் பத்து நாள் அதை மறந்துவிட்டார் என்று கொள்வோம். பலர் முன்னிலையில் ஏச்சுக் கிடைக்கும் என்று அஞ்சினால் அவர் உண்மையை மறைப்பார். மருந்து பயன்தரவில்லை என்று கருதும் மருத்துவர் அளவை உயர்த்தக்கூடும். கர்ப்பிணிக்குக் கடுந்தலைவலியோ கண் மங்கலோ கண்டால், அது கர்ப்பகால வலிப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். முந்தைய முறை இகழப்பட்டவள் அதனைச் சொல்லத் தயங்குவாள். அத்தயக்கம் தாய், சேய் இருவர் உயிரையும் பறிக்கவல்லது.

இவ்வுண்மையை உலகம் ஏற்றுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட தாய் சேய் நலத் தர நியமங்கள் எட்டினுள், மதிப்புடன் நடத்துதல் ஒன்று. மனத்துணை அளித்தல் மற்றொன்று. தமிழகத்தில் 2004 ஆம் ஆண்டிலேயே, அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் உறவுப் பெண் ஒருவர் தாயின் அருகிருக்க இடமளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இடைவிடாத துணை கிடைத்தால் பிரசவ நேரம் குறைகிறது, அறுவைக்கான தேவையும் குறைகிறது என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. 2017 இல் மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் பிரசவ அறையின் தரத்தோடு தாய்க்குரிய மதிப்பையும் சேர்த்தே வலியுறுத்துகிறது.

தரத்தை உயர்த்தும் முறை கடினமானதன்று. முதலில் ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் நெடுநேரம் நின்று காத்திருப்பது குறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் அந்நேரத்தைக் குறித்து வைக்கவேண்டும். பின்னர் வரிசைச் சீட்டும் அமர்வதற்கு விசிப்பலகையும் அளித்து, மறுவாரம் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். பயன் தெரிந்தால் அதை நிலைநிறுத்தி அடுத்த குறைக்குச் செல்லலாம். தெரியாவிடில் வழியை மாற்றலாம். பரிசோதனை செய்யுமிடத்தில் திரை தொங்கவிடுதல், நோயாளியைப் பெயர் சொல்லி "வாருங்கள்" என அழைத்தல், செய்யப்போவதை முன்கூட்டி விளக்கி இசைவு பெறுதல் ஆகியவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

மதிப்பு ஒருவழிப் பாதை அன்று. இரவில் தனித்துப் பணிபுரியும் செவிலியருக்குக் குடிநீர், விளக்கு, பாதுகாப்பு ஆகியவை கிட்டுகின்றனவா என்று கேட்பது ஊராரின் கடமை. களைத்தும் அஞ்சியும் இருப்பவரிடம் இன்சொல்லை எதிர்பார்ப்பது எளிதன்று. நோயாளியின் சுற்றத்தார் கூட்டமாகப் புகுந்து கூச்சலிடுவதும் சிகிச்சைக்குத் தடையே.

ஊராட்சித் தலைவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் இதில் முன்னிற்கவேண்டும். கிராம சபையில் சாலை, குடிநீர் பற்றிப் பேசுவதுபோலவே, "நம் சுகாதார நிலையத்தில் நம் பெண்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர்? அங்குள்ள பணியாளருக்கு என்ன குறை?" என்னும் இரண்டு வினாக்களையும் எழுப்பலாம். மருத்துவ அலுவலரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் அழைத்து, பழி கூறாமல் விடை காணலாம். அடுத்த கூட்டத்தில் செய்தவற்றைக் கணக்குப் பார்க்கவும் வேண்டும். தலைவலியைச் சொல்ல வந்த கர்ப்பிணி தயங்காமல் வாய்திறக்கும் நிலையமே தரமான நிலையமாகும்.