மரவள்ளி மாவுப்பூச்சியின் பெயர்

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர்கள், இலையில் வெள்ளையாகப் படிந்திருப்பதையெல்லாம் மாவுப்பூச்சி என்ற ஒரே பெயரால் குறிக்கின்றனர். பாவுக்கு மரவள்ளி மாவுக் கஞ்சி இடும் நெசவாளருக்கும் இதில் அக்கறை உண்டு. பூச்சியின் பெயர் தவறினால் பரிகாரமும் தவறும். ஆப்பிரிக்காவில் நடந்ததை முதலிற் காண்போம்.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. 1970-களின் தொடக்கத்தில் காங்கோப் பகுதியில் புதியதொரு மாவுப்பூச்சி தோன்றி மரவள்ளியைப் பாழாக்கிற்று. 1977-இல் மட்டில்-ஃபெரேரோ என்ற பிரெஞ்சு அம்மையார் அதனை ஆராய்ந்து, பீனகாக்கஸ் மனிஹோட்டி எனப் பெயரிட்டார். செடியின் தாயகமே பூச்சியின் தாயகமாகவும் இருக்கக்கூடும். அங்கே அதன் எதிரியும் இருக்கும். இவ்வாறு கருதித் தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடினர். ஒத்த பூச்சி கிடைத்தது. ஆனால் அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை! உற்று நோக்கியபோது காரணம் புலனாயிற்று. அங்கே கிடைத்த பூச்சியில் ஆணும் உண்டு. ஆப்பிரிக்கப் பூச்சியிலோ பெண்ணே தனித்து இனம் பெருக்குகிறது. 1981-இல் முன்னது பீனகாக்கஸ் ஹெரனி என வேறு இனமாகப் பிரிக்கப்பட்டது. அவ்வாண்டே பெல்லோட்டி என்பார் பராகுவேயில் உண்மையான மனிஹோட்டியைக் கண்டார். அந்நாட்டிலிருந்து கொணர்ந்த அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியே ஆப்பிரிக்க மரவள்ளியைக் காத்தது.

நம் நாட்டிற்கும் இருவகைப் பூச்சிகள் வந்துள்ளன. 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் பற்றிற்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த குளவி அதனை அடக்கியது. 2020-இல் கேரளத்துத் திருச்சூரில் மனிஹோட்டி காணப்பட்டு, பின்னர் தமிழ்நாட்டிலும் பரவியது. பப்பாளிப் பூச்சிக்கு வந்த குளவி இதற்கு உதவாது. ஆகவே 2021-இல் பெனின் நாட்டிலிருந்து லோபெசி தருவிக்கப்பட்டது. பெங்களூரில் பெருக்கப்பட்டு, 2022 மார்ச்சில் நம் மலைக்கு மேற்கேயுள்ள ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

நாம் கொல்லையில் ஓரளவு பிரித்தறியலாம். பப்பாளிப் பூச்சியின் உடல் மஞ்சள். ஸ்பிரிட்டில் இட்டுவைத்தால் கருநீலமாகும். மனிஹோட்டி இளஞ்சிவப்பு; அது பற்றிய செடியின் நுனிக் கணுக்கள் குறுகி, இலைகள் கொத்தாகச் சுருளும். இறுதித் தீர்ப்பு, பூச்சியைக் கண்ணாடிச் சில்லில் பதித்து, உருப்பெருக்கியின்கீழ் அதன் மயிர்களையும் நுண்துளைகளையும் எண்ணுவோருடையதே. பொறுமை மிக வேண்டும் வேலை அது!

பூச்சிகளிடையே பழுப்பேறித் தடித்துத் துளை விழுந்த கூடுகள் காணப்படின், குளவி வந்துவிட்டதென அறிக. அக்கொல்லையில் பூச்சிமருந்து தெளித்தால் குளவியும் மடியும். பூச்சி கண்ட கொல்லையின் விதைக்குச்சிகளை அடுத்த ஊருக்குக் கொடுத்தல் ஆகாது.