நூற்றுக்கு எத்தனை என்று கேட்டாயே

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் எம்.எஸ்சி. ஆய்வேட்டை ப்ளேஜரிசம் செக் செய்ததில் 34 சதவீதம் வந்துவிட்டது, பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்தால் பத்துக்குக் கீழே இறக்கித் தருகிறார்களாம், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே. ஏன் என்பதைப் போனில் அவசரமாகச் சொன்னால் உன்னைத் திட்டுவது போல் ஆகிவிடும். நூலகத்தில் இந்த அறிக்கைகளைத் தினமும் பார்க்கிறவள் நான். நீ அனுப்பியதையும் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒரே வேலை. நீ எழுதியதைச் சில சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் ஆய்வேடுகள் ஆகியவற்றில் அதே துண்டு இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் வண்ணம் பூசுகிறது. வண்ணம் விழுந்ததெல்லாம் திருட்டு என்று அது சொல்லவில்லை. சொல்லவும் அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் உன் கைடு.

உன் அறிக்கையையே எடுத்துக்கொள். கடைசி ஐந்து பக்கமும் முழுக்கச் சிவப்பு. அது நூற்பட்டியல்! ஒரே நூலை நூறு பேர் பட்டியலில் சேர்த்தால் நூறும் ஒரே மாதிரிதான் இருக்கும். யுஜிசி 2018-இல் கொண்டுவந்த விதிமுறையில் நூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. மூலம் காட்டி எடுத்த மேற்கோள், சட்டங்கள், வழக்கமான சமன்பாடுகள் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போவதையும் தள்ளிவிடலாம். உன் கல்லூரியில் இந்த விலக்குகளைப் போடாமலே ஓட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தில் ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பாறைக் குழுமங்களின் பெயர் வரும் இடமெல்லாம் வண்ணம். 1862-இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு நம் ஊர்ப் பாறைகளை வகைப்படுத்திய நாளிலிருந்து எல்லோரும் எழுதும் பெயர்கள் அவை. நீ வேறு பெயர் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. நூலகரிடம் போய், விலக்குகளைப் போட்டு மறுபடி ஓட்டித் தரும்படி கேள். கேட்பது உன் உரிமை.

அதற்குப் பிறகும் பதினேழாம் பக்கம் மிஞ்சும். அங்கேதான் உன்மேல் எனக்கு வருத்தம். சாத்தனூர் கல்மரத்தைப் பற்றிய பத்தி அப்படியே ஓர் இணையதளத்தில் இருக்கிறது. 'பெரிய' என்பதை எடுத்துவிட்டுப் 'பிரம்மாண்டமான' என்று போட்டிருக்கிறாய். 'கண்டறியப்பட்டது' என்பது 'கண்டுபிடிக்கப்பட்டது' ஆகியிருக்கிறது. மற்றபடி வாக்கியம் போகிற போக்கு, தகவல் வரும் வரிசை எல்லாம் அந்தத் தளத்தில் எழுதியவருடையவை. மரத்தின் நீளம் 18 மீட்டர் என்பதும், 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவு செய்தார் என்பதும் பொதுத் தகவல்கள், யாரும் எழுதலாம், மூலத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதினெட்டு மீட்டரும் மண்ணில் படுத்துக் கிடப்பதை நேரில் போய்ப் பார்த்து வந்தவள் நீ. பார்க்காத ஒருவர் எழுதிய பத்தி உனக்கு எதற்கு? புத்தகத்தையும் திரையையும் மூடி வைத்துவிட்டு, உனக்கு விளங்கியதை உன் தம்பிக்குச் சொல்வது போல ஒரு தாளில் எழுது. பிறகு திறந்து தகவலைச் சரிபார். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உன் அறைத்தோழிக்கு 0 வந்தது என்று நொந்துகொண்டிருந்தாய். அந்த 0-ஐப் பார்த்து ஏங்காதே. அவள் தமிழ் எம்.ஏ.; ஆய்வேட்டை டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்திருக்கிறார்கள். பாமினியில் அடித்தால் திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். கருவி படிப்பது அதைத்தான். யூனிகோடில் இருக்கும் எந்தத் தமிழ் ஆய்வேட்டோடும் அது ஒத்துப்போக வழியே இல்லை. கண் விழித்துச் சொந்தமாக எழுதியவளுக்கும், அடுத்தவர் ஆய்வேட்டை வரி மாறாமல் அடித்து வாங்கியவருக்கும் ஒரே 0. நேர்மையாக உழைத்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! நாளைக்கு யாராவது அவள் ஆய்வேட்டுக்குள் ஒரு சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அவளை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல். பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினாலும் இதே கதைதான்.

இனி அந்தக் கடை. சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடும் மென்பொருளில் உன் கோப்பை ஓட்டுவார்கள். கலைச்சொற்களெல்லாம் உருக்குலைந்து வரும், வாய்மொழித் தேர்வில் உன் வாக்கியமே உனக்குப் புரியாது. வேறு சிலர் ஆங்கில எழுத்துக்குப் பதில் அதைப் போலவே தோன்றும் ரஷ்ய எழுத்தை நுழைப்பார்கள், வெள்ளை நிறத்தில் மேற்கோள் குறிகளை ஒளித்து வைப்பார்கள். இப்போதைய கருவிகளில் பல இதையும் பிடித்துக் காட்டிவிடுகின்றன. கவனக்குறைவு என்று மன்னிக்கக்கூடிய ஒன்று அப்போது திட்டமிட்ட மோசடி ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. உன் கோப்பை அவர்கள் எந்தக் கருவியில் ஏற்றுவார்கள், அது எங்கே சேமிக்கப்படும் என்று உனக்குத் தெரியாது. சேமிப்பில் விழுந்துவிட்டால், பிறகு நீ முறையாகக் கொடுக்கும்போது உன் எழுத்தே உனக்கு எதிராகத் தொண்ணூறு சதவீதம் காட்டும். கல்லூரியிலேயே வரைவை ஓட்டும்போதும், சேமிக்காமல் ஓட்டுங்கள் என்று சொல்லிவிடு.

34 என்பதற்காக நீ பயந்து நடுங்க வேண்டியதில்லை. யுஜிசி விதிப்படி 10 வரை தண்டனை கிடையாது. 10-ஐத் தாண்டி 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்தியும் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அதையும் கருவி முடிவு செய்வதில்லை. குழு கூடி, உன் தரப்பையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வாராவாரம் கொடுக்கும் அசைன்மென்டுகளுக்கு இந்த விதிமுறை பொருந்தாது, அவற்றுக்குக் கல்லூரி வைப்பதுதான் சட்டம். ஆனால் பத்துக்குக் கீழே வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடாதே. மிஞ்சியது எட்டு சதவீதமே ஆனாலும், அது முழுக்க முடிவுரையில் ஒரே இடத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் அது திருட்டேதான். பிறர் கருத்தைத் தன் கருத்தாகக் காட்டுவதும் திருட்டு என்றே விதிமுறை சொல்கிறது. கருத்துக்கு வண்ணம் பூசும் கருவி இன்னும் வரவில்லை.

மூலம் சொல்வதை ஒரு சடங்காக நினைக்காதே. நீ எடுத்திருக்கும் துறையிலேயே அதற்கு அருமையான முன்மாதிரி இருக்கிறது. கே, கன்லிஃப் என்ற இருவர் நம் பக்கத்திலும் விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கத்திலும் திரட்டிய தொல்லுயிர் எச்சங்களை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். திரட்டியவர்கள் இன்னார் என்று அந்த அறிக்கையின் தலைப்பிலேயே போட்டார். அவர்களுக்குக் கல்லும் சங்கும் கிடைக்கும் இடத்தைக் காட்டிய உள்ளூர்க்காரர்களின் பெயர் தலைப்பில் இல்லை. நீ அப்படி விட்டுவிடாதே. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் எந்த அடுக்கில் சிப்பி அதிகம் கிடைக்கும் என்று உனக்குச் சொன்னாரே, அது ஆய்வேட்டில் உன் கண்டுபிடிப்பு போல நிற்கிறது. அவர் சம்மதித்தால் பெயரையும் தேதியையும் போடு. கருவி கண்டுபிடிக்காது என்பதாலேயே அதை நீ செய்தாக வேண்டும்.

இன்றைக்கே ஒரு நோட்டு போடு. எதைப் படித்தாலும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் முதலில், பிறகுதான் குறிப்பு. அப்படியே எடுத்த வரிக்கு அந்த இடத்திலேயே மேற்கோள் குறி. இரண்டு மாதம் கழித்து எது யார் வரி என்று எவருக்கும் நினைவிருக்காது. குஜராத் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் பாரதிதாசன் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளும் இருக்கின்றன, காசில்லாமல் படிக்கலாம். அதே நிறுவனம்தான் 2019 செப்டம்பரில் ஷோத்சுத்தி திட்டத்தைத் தொடங்கி, பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கருவியையும் கொடுத்தது. நீ பார்த்து எழுதக்கூடிய ஆய்வேடு, ஒப்பிடும் கருவிக்கும் தெரிந்ததுதான்.

ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவியைப் பற்றியும் கேட்டிருந்தாய். டர்னிட்டின் நிறுவனம் 2023 ஏப்ரலில் அதைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் நம்பிக்கை இல்லாமல் ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது. இத்தகைய கருவிகள் சிலவற்றை அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதாகக் காட்டின. நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தை அது என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப்பார். அதனால் வரைவுகளைத் தேதி போட்டுத் தனித்தனியாக வைத்திரு, நோட்டையும் தூக்கிப் போடாதே. யாராவது கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

கடைசி நாள் ராத்திரி வரை காத்திருக்காதே. எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது தளம் திணறும், ஊரில் சிக்னலும் போய்விடும். இரண்டு நாள் முன்பே ஏற்று. ஏற்றிய பிறகு கோப்பை ஒரு தடவை திறந்துபார், சரியான வரைவுதானா என்று. ஒப்புகை எண் வரும் திரையைப் படமெடுத்து எனக்கும் அனுப்பு. பதினேழாம் பக்கத்தைத் திருத்தியதும் முதலில் எனக்குக் காட்டு.

அன்புடன்,
அத்தை