பெரியத்தாவின் போனும் நவம்பர் மாதமும்



ரயில்வே, தபால் போன்ற மத்திய அரசுப் பணிகளில் ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.

முன்பெல்லாம் வங்கியில் ஒரு படிவம், ஒரு கையெழுத்து. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. விரலை வைக்கச் சொன்னார்கள். 2021 நவம்பரில் போனில் முகம் காட்டினாலே போதும் என்றார்கள். இரும்பு தூக்கி ரேகை தேய்ந்தவர்களுக்கு இது நல்லதுதான். ஆனால் ஒன்றைப் பழகுவதற்குள் இன்னொன்று வந்துவிடுகிறது.

திண்டிவனத்தில் இருக்கும் என் பெரியத்தா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். சென்ற ஆண்டு போனை வைத்துக்கொண்டு, "போன வருஷம் பட்டன் இங்கதானே இருந்துச்சு, எங்க போச்சு தம்பி?" என்று கேட்டார். நான் அவசரத்தில் போனை வாங்கி இரண்டே நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வரும்போது சொன்னார்: "நான் உசுரோட இருக்கேன்னு இனிமே நீதான் சாட்சி சொல்லணும் போலிருக்கு." பெற்றோரிடம் 'சீ' என்று சொல்வதைத் தடுக்கும் ஆயத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்பேன்! போனைப் பிடுங்குவதும் அதில் சேரும் என்று அன்றுதான் பட்டது.

அவர் பழைய இடத்தில் தேடியது மறதியால் அல்ல. கற்றது நன்றாக நினைவிருந்ததால்தான் தேடினார். எனவே முதலிலிருந்து பாடம் நடத்தாதீர்கள். எது இடம் மாறியது என்பதை மட்டும் காட்டுங்கள். போன் அவர் கையிலேயே இருக்கட்டும்.

ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்.டி. என்ற இரண்டு ஆப்களும் வேண்டும். முதலில் 'ஆபரேட்டர்' யார் என்று கேட்கும். பலர் குழம்புவது இங்கேதான். பிள்ளைகளோ பென்ஷன்தாரரோ யாரும் ஆபரேட்டராக இருக்கலாம். குடும்பப் பென்ஷன் வாங்கும் பெண்கள் வெளியாள் முன் முகம் காட்டத் தயங்கினால், மகளோ மருமகளோ ஆபரேட்டராக இருந்து வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, கண்ணை மூடித் திறக்கச் சொல்லும்போது அப்படிச் செய்தால் போதும்.

போனே வேண்டாம் என்பவர்கள் தபால்காரரை வீட்டுக்கே அழைக்கலாம். கட்டணம் 70 ரூபாய். வங்கியில் நேரில் கொடுக்கவும் வழி உண்டு. "சான்று புதுப்பிக்கிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள்.

நவம்பர் முழுதும் அஸருக்குப் பின் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் உதவி உண்டு. ஆதாரும் பி.பி.ஓ. புத்தகமும் எடுத்து வாருங்கள். பேரப்பிள்ளை ஒருவரையும் அழைத்து வாருங்கள், போனைத் தொடாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவராக.