கசியாத இணைப்பு

நுழையும்முன்

உலோகத்தோடு உலோகத்தை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் இடையே எண்ணெய் ஊறிவர ஒரு வழி இருந்துவிடுகிறது. அவ்வழியை அடைப்பது மெல்லியதொரு தக்கை. விலை குறைந்த அப்பொருளைச் சரியாகப் பொருத்துவது, அதைவிடப் பெரிய உறுப்புகளைப் பொருத்துவதைக் காட்டிலும் கடினமானது. அதன் காரணங்களைப் படகு இயந்திரத்தின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

தடைக்காலமும் பழுதுபார்ப்பும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. 2001இல் 45 நாள்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. கடலூர் முதுநகரை அடுத்த துறைமுகத்தில் வலைகளைச் செப்பனிடுதல், வண்ணம் பூசுதல் ஆகியவற்றோடு இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கும் ஏற்ற காலம் இதுவே.

டீசல் இயந்திரத்தின் அடியில் தொட்டி போன்ற ஓர் உறுப்பு இருக்கும். பட்டறைகளில் அதனைச் ‘சம்ப்’ என்பர். உயவு எண்ணெய் அதில் தங்கியிருந்து, பம்பின் வழியே மேலேறி, சுழலும் உறுப்புகளை நனைத்துவிட்டு மீண்டும் அதிலேயே வந்து சேரும். தொட்டியின் விளிம்பும் இயந்திரத்தின் அடிப்பரப்பும் சந்திக்கும் இடத்தில் வைக்கப்படுவதே ‘கேஸ்கெட்’. பலர் ‘பேக்கிங்’ என்றும் கூறுவர். தக்கை, தடித்த தாள், ரப்பர் என அது பலவகைப்படும்.

சாலையில் ஓடும் பேருந்தில் இவ்விணைப்பு கசிந்தால், நிறுத்தத்தில் கறுப்புத் துளிகள் தெரியும், ஓட்டுநர் கண்டுகொள்வார். படகில் அவ்வாறு தெரிவதில்லை. ஒழுகும் எண்ணெய் படகின் அடியில் தேங்கும் நீரோடு கலந்து மறைந்துவிடும். அலையில் படகு முன்னும் பின்னும் சாயும்போது தொட்டியிலுள்ள எண்ணெய் ஒருபுறமாக ஓடி இணைப்பின்மீது மோதுவதால் கசிவு மிகும். எண்ணெய் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கினால், தாங்கிகள் உராய்ந்து சூடேறி இயந்திரம் இறுகி நின்றுவிடும். கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் அது நின்றால், மீனவரின் உயிர் வேறொரு படகின் வருகையைப் பொறுத்ததாகிவிடும்.

கடலில் கலக்கும் எண்ணெய்

தேங்கிய நீரைப் படகிலிருந்து இறைத்து வெளியேற்றும்போது அதில் கலந்த எண்ணெயும் வெளியேறுகிறது. பெரிய கப்பல்கள் வெளியேற்றும் நீரில் எண்ணெயின் அளவு பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேற்படலாகாது என்பது பன்னாட்டு விதி. சிறு படகுகளில் அதனை அளந்து பிரிக்கும் கருவி பொதுவாக இருப்பதில்லை. எனவே கசிவை அது பிறக்கும் இடத்திலேயே தடுப்பதே வழி.

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்தை அடுத்துள்ள பிச்சாவரம் காயலை எண்ணினால் இதன் தேவை விளங்கும். அங்குள்ள வெண்கண்டல் மரங்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீளும் மூச்சுவேர்களின் நுண்துளைகள் வழியே காற்றைப் பெறுகின்றன. எண்ணெய்ப் படலம் படிந்தால் அத்துளைகள் அடைபடும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இந்த அலையாத்திக் காட்டைச் சேர்ந்ததே.

கசிவின் காரணம்

கசிவைக் கண்டதும் ஸ்பேனரை எடுத்து மேலும் இறுக்குவது பெரும்பாலோரின் இயல்பு. தொட்டி தகட்டாலானது என்றால் அதுவே கசிவை வளர்க்கும். மிகையாக இறுக்கும்போது போல்ட்டைச் சுற்றியுள்ள தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி வில்லாக வளைந்து விலகும். தக்கையோ நசுங்கிப் பிளந்து வெளியே பிதுங்கும்.

பசையின் மிகையும் அத்தகையதே. சிலிக்கான் பசையை வாரி அப்பினால் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. உள்ளே பிதுங்கியது நாளடைவில் பிய்ந்து, எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். கசிவை நிறுத்த இட்ட பசை இயந்திரத்தையே நிறுத்திவிடக்கூடும்.

மரப்படகு கட்டுவோர் இவ்வளவறிவை முன்பே பெற்றிருந்தனர். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரியைச் செருகிக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவதற்குக் கலப்பற்று என்று பெயர். திரியை அளவுக்கு மீறி அடித்துச் செருகினால், நீரில் ஊறிப் பலகை பருக்கும்போது மூட்டுகள் விலகிவிடும்.

தெரியுமா?

1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73ஆம் நொடியில் சிதைந்து, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். உந்துகலத்தின் இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் நெகிழ்வை இழந்ததே காரணம். இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன், பனிக்கட்டி நீரில் அந்த ரப்பரை அமிழ்த்தி இதனை விளக்கிக் காட்டினார்.

பொருத்தும் முறை

படகில் தொட்டிக்கு அடியில் கை நுழையும் இடம் இருப்பது அரிது. பெரும்பாலும் சங்கிலிக் கப்பியால் இயந்திரத்தையே தூக்கியாக வேண்டும். ஒருமுறை தவறினால் அத்தனை வேலையும் மறுபடி செய்யவேண்டும் என்பதால், நேரத்தின் பெரும்பகுதி தூய்மைக்கே செலவாகிறது, செலவாகவும் வேண்டும்.

எண்ணெயை வடித்தபின் தொட்டியை மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக் கழற்றுவர். திருப்புளியைச் செருகி நெம்பினால் பரப்பில் கீறல் விழும். அக்கீறலே நாளை எண்ணெயின் வாய்க்காலாகும். ஒட்டியிருக்கும் பழைய தக்கையைச் சுரண்டி, கரைப்பானில் நனைத்த நூல் பிரியாத துணியால் இரு பரப்புகளையும் துடைப்பர். விரலின் எண்ணெய்ப் பசைகூடப் பசையைப் பிடிக்கவிடாது. பின்னர் நேரான எஃகு அளவுகோலை விளிம்பின்மீது வைத்து வெளிச்சத்தில் பார்ப்பர். போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிவு தெரிந்தால், விளிம்பைச் சமமான கட்டையில் வைத்துத் தட்டி நேராக்குவர். உப்புநீர் அரித்துத் துளைவிழும் நிலையிலுள்ள தொட்டியை மாற்றிவிடுவதே நன்று.

ரப்பர் கேஸ்கெட்டுக்குப் பெரும்பாலும் பசை வேண்டியதில்லை. முன்மூடியும் பின்தாங்கி மூடியும் இயந்திர உடலோடு சேரும் மூலைகளில் மட்டும் சிறிது இட்டால் போதும். தலையில்லாத இரண்டு போல்ட்டுகளை வழிகாட்டியாக முன்னரே திருகி வைத்தால், தொட்டி நழுவாமல் நேராக மேலேறும். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே முடுக்கிவிட்டு, நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறி, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்கவேண்டும். இயந்திரத்தின் கையேட்டில் தரப்பட்டுள்ள முறுக்குவிசையே முடிவான அளவு. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அது பல இயந்திரங்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு அது நிகர். கையின் வலிமைக்கு அங்கு வேலையே இல்லை.

பசை முழுவதும் இறுகப் பொதுவாக ஒரு நாள் ஆகும். அதற்குமுன் எண்ணெய் ஊற்றுவது அவசரம். ஓட்டிப் பார்க்கும்போது தொட்டியில் ஈரம் தென்பட்டாலும் தொட்டியையே குற்றம் சொல்லிவிடக்கூடாது. மேலே வால்வு மூடியில் கசிவது வழிந்து தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். காற்றுப்போக்கி அடைபட்டிருந்தால், உள்ளழுத்தம் பெருகி நல்ல இணைப்பிலிருந்தும் எண்ணெயை வெளியே தள்ளும். எனவே வெளிப்புறத்தை நன்கு துடைத்து, முகப்பவுடரைத் தூவி, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நனைந்த தடம் எங்கிருந்து இறங்குகிறது என்று மேல்நோக்கித் தேடுவர்.

அதன்பின் தொட்டிக்கு அடியில் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து இரவு முழுவதும் விட்டுவைப்பர். காலையில் தாள் வெள்ளையாகவே இருந்தால் படகு சூன் 15க்குக் காத்திருக்கும். ஒரு துளி விழுந்திருந்தாலும் சங்கிலிக் கப்பி மீண்டும் இறக்கப்படும்.