சனிக்கிழமை இரவு ஒத்திகை: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: நேரம் கூடக் கூடப் பாட்டு நன்றாக வரும். சனிக்கிழமை இரவு பத்தரை வரை பிடித்து வைத்தால்தான் ஞாயிறு காலை தப்பு வராது.

இரும்பையிலிருந்து வடக்கே, கழுவேலியைத் தாண்டி மரக்காணம் உப்பளங்கள் வரை, சின்னக் கோவிலோ சபையோ, பாடகர் குழு என்று ஒன்று இருக்கும் இடமெல்லாம் இந்த நம்பிக்கையும் இருக்கிறது. ஒரே பாட்டைப் பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை ஏழெட்டு முறை பாடுவார்கள். எட்டாவது முறை நன்றாகவே வந்துவிடும். திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். காலையில் இரண்டாம் சரணத்தில் பாதிப்பேர் ஒரு பக்கம், பாதிப்பேர் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள்.

யாருடைய பக்தியும் குறைந்து இது நடப்பதில்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மனப்பாடம் குறித்துத் தன்மீதே செய்த சோதனைகளை 1885இல் வெளியிட்டார். ஒரே இருப்பில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, அதே உழைப்பைப் பல நாட்களாகப் பிரித்துப் படித்தால் அதிகம் நிற்கிறது என்பது அவர் கண்டது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அதையே உறுதி செய்திருக்கின்றன. எட்டாவது முறை சரியாக வந்தது ஏழாவது முறையின் சூடு இன்னும் ஆறாததால். பாட்டு உண்மையில் ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். புதன்கிழமை முக்கால் மணி நேரம், சனிக்கிழமை முக்கால் மணி நேரம் என்று பிரித்தால், இரவு பத்தரை வரை உட்காருவதைவிட நன்றாக வரும்.

தொண்டைக்கும் ஒரு கணக்கு உண்டு. பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. இடைவிடாமல் ஒரு மணி நேரம் பாடினால் ஏழு லட்சம் மோதல்களுக்கு மேல் ஆகும். வீங்கிய குரல்நாண்களோடு படுத்து, ஞாயிறு விடியலில் எழுந்து பாடச் சொல்வது கொடுமை.

இந்தக் கரையில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரிக்குப் பிறகுதான் உப்புப் பாத்திகள் தயாராகின்றன. வெயில் ஏற ஏற உப்பு விளைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வேலை உச்சத்தில் இருக்கும். ஈஸ்டர் எந்த ஆண்டானாலும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில்தான் வரும். அதாவது தவக்காலம், குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, பாஸ்கா இரவு என்று ஆண்டிலேயே அதிகப் பாட்டும் கடினமான பாட்டும் தேவைப்படும் வாரங்கள், உப்பு வாருகிறவர்களின் உடம்பு மிகவும் ஓய்ந்துபோகும் வாரங்கள். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெள்ளை உப்பில் எதிரொளிக்கும் வெயிலில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற ஒரு பெண்ணை இரவு ஒன்பது மணிக்கு நிற்க வைத்து, "அக்கா, இன்னொரு தடவை" என்றால், அவர் மறு வாரம் வரமாட்டார். குழுவில் இருப்பவர்களோ, அவருக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுவார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கென்றே தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது என்றால், கையில் காசு எவ்வளவு வற்றியிருக்கும் என்று புரியும். கிறிஸ்துமஸ் பாட்டுக்காக எப்படியும் கூடும் அந்த மழைக்கால மாலைகளிலேயே ஈஸ்டருக்கான இரண்டு புதுப் பாட்டுகளையும் மெதுவாகத் தொடங்கிவிடலாம். புனித வாரத்தில் நினைவூட்டினால் போதும், புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஒத்திகை அட்டவணை போடுகிறவர் திருவழிபாட்டு நாட்காட்டியோடு உப்பின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நம்பிக்கை: ஆவியானவர் நடத்துவார், ஒத்திகை மனுஷ ஏற்பாடு.

மனதாரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் வேதாகமமே வேறு மாதிரி சொல்கிறது. முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் பொறுப்பில், பாட்டில் தேர்ச்சி பெற்றவர்கள் என்று எண்ணி எழுதப்பட்டவர்கள் 288 பேர். அவர்களுக்கு முறை பிரித்துக் கொடுத்தபோது ஆசான், மாணவன் என்று பார்க்காமல் சீட்டுப் போட்டார்கள். அந்தக் குழுவுக்குள் கற்பிக்கிறவரும் இருந்தார், கற்கிறவரும் இருந்தார், வரிசையில் இருவரும் சமம். நல்ல ஒத்திகைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

நம்பிக்கை: சத்தம் கூடினால் உற்சாகம் கூடும்.

ஒத்திகை தொடங்கியதும் முதலில் கீபோர்டு, அடுத்து ரிதம் பேட், அடுத்து நான்கு மைக். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. மிக்சரில் இருக்கும் தம்பியைப் பார்த்து "கொஞ்சம் ஏத்துப்பா" என்று கை காட்டுவார். அடுத்தவருக்குக் கேட்காமல் போகும். அவரும் கை காட்டுவார். பாட்டு முடிவதற்குள் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இலேயே இதை விளக்கிவிட்டார். சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார். இது காதுக்கும் தொண்டைக்கும் நடுவே தானாக நடக்கிறது, கட்டுப்படுத்துவது கடினம். கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் உள்ள சிறிய ஆலயத்தில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஈக்கோவைக் கூட்டினால் ஒரு சொல்கூடத் தெளிவாக விழாது. குரல் உயர்ந்ததை உற்சாகம் என்று எடுத்துக்கொள்கிறோம். உள்ளே நடப்பது தொண்டையின் தற்காப்பு.

இரும்பைக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய நினைவூட்டல் உண்டு. இரும்பை மாகாளம் சம்பந்தர் பதிகம் பெற்ற ஊர். அவரோடு ஊர் ஊராக யாழ் வாசித்து நடந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பதிகத்தின் சிறப்பே யாழால்தான் என்று யாழ்ப்பாணரின் உறவினர் பேசியபோது, தருமபுரத்தில் சம்பந்தர் யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடினார். நரம்பில் வராததைக் கண்டு யாழையே உடைக்கப் போனார் பாணர். சம்பந்தர் தடுத்து, கருவியில் வரும் அளவுக்கு வாசியுங்கள் என்றார் என்று பெரியபுராணம் சொல்கிறது. குரல் முன்னே, கருவி துணை. கருவியை வெறுக்கவும் இல்லை, அதன் பின்னால் ஓடவும் இல்லை. நம் கீபோர்டு தம்பிகளுக்கு இதை நான் விரும்பிச் சொல்வதுண்டு.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மின்சாரம் இல்லாத ஞாயிறு இந்தக் கரைக்குப் புதிதல்ல, இன்னும் வரும். கருவி நின்றாலும் நிற்காத குழு எது என்பது அந்தக் காலையில் தெரியும். அதற்காகவாவது ஒவ்வொரு ஒத்திகையிலும் முதல் கால் மணி நேரம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வட்டமாக உட்காருங்கள். சுருதிக்கு ஒரு கைபேசித் தம்பூரா போதும். இரண்டு பக்கத்திலும் இருப்பவரின் குரல் உங்கள் குரலுக்கு மேலே கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நீங்கள் கத்துகிறீர்கள்.

அப்படி ஒரு வட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் சரணத்தில் வரி ஒவ்வொரு தடவையும் உடைந்தது. பயிற்சி கொடுத்த தம்பி ஸ்வரத்தைத் திருத்திப் பார்த்தார், வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், சரியாகவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த, உப்பளத்துக்குப் போகும் ஓர் அம்மா மட்டும் உடையாமல் பாடிக்கொண்டிருந்தார். பாட்டுத்தாள் அவர் மடியில் மடித்தபடியே கிடந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. தம்பி கேட்டார்: "அக்கா, நீங்க எங்க மூச்சு வாங்குறீங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "சேதி முடியிற எடத்துலதாம்பா. நடுவுல எப்படி வாங்குறது?" தாள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அச்சில் வரி மடங்கிய இடத்தில், ஒரு சொல்லின் நடுவே, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பென்சிலால் அந்த அம்மாவின் மூச்சைக் குறித்தார்கள். அடுத்த முறை வரி உடையவில்லை. கீபோர்டும் பேடும் போட்டிருந்தால் அந்த அம்மாவின் குரல் யாருக்கும் கேட்டிருக்காது.

நம்பிக்கை: நொட்டேஷன் தெரிந்தவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

நொட்டேஷன் தெரிந்தால் நல்லது, தெரிந்துகொள்ளவும் வேண்டும். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு வளர்ந்தது காதால். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பாடிக் கேட்டுப் பரவியவை. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவற்றைக் கேட்டு, கற்று, தொகுத்து 1853இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். புத்தகம் பாட்டைத் தேடி வந்தது. நம் காலத்தில், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, எல்லோரும் அழைத்தபடி பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாடு அமைத்தார். கிராமத்து மக்கள் வாயால் கற்று, தங்களுக்கு ஏற்றபடி மாற்றிப் பாடக்கூடிய பாட்டே அவர்களுடைய பாட்டு என்பது அவர் நிலைப்பாடு. 2005இல் மறைந்தார். எழுத்து தெரியாத ஒருவர் குழுவுக்குச் சுமை என்று நினைக்கும் பயிற்சியாளர் அவரைப் பற்றி ஒருமுறை படிக்கட்டும்.

நடைமுறையில் ஒரு வழி: புதன்கிழமைக்கு முன்பே பாட்டை ஒரே குரலில், கருவியில்லாமல் பாடி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக் காட்டட்டும். தனியே கேட்டுக் கற்க முடிந்ததை ஒத்திகையில் கற்றுக்கொண்டிருந்தால், சேர்ந்து பாடிப் பழக வேண்டிய நேரம் போய்விடும். பாட்டு தடுமாறுவது பெரும்பாலும் எடுப்பிலும் முடிப்பிலும் சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்திலும்தான். அந்த நான்கைந்து இடங்களை மட்டும் எடுத்துத் தனித்தனியாகப் பாடுங்கள்.

நம்பிக்கை: பனங்கற்கண்டும் மிளகும் குரலைத் திறக்கும்.

விழுங்குவது உணவுக்குழாய் வழியாகப் போகிறது, குரல்நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். கற்கண்டு அவற்றைத் தொடுவதே இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. குரல்நாண்களுக்கு ஈரம் உடம்பின் நீரிலிருந்துதான் வருகிறது, அதற்குப் பல மணி நேரம் ஆகும். நாளெல்லாம் வியர்த்துவிட்டு வருகிறவர், பாடுமுன் ஒரு டம்ளர் குடிப்பதால் ஈடாகாது. மதியத்திலிருந்தே குடித்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: பாட்டு வெளியான சுருதியிலேயே பாட வேண்டும்.

பதிவுக்கூடத்தில் பாடியவர் தேர்ந்த பாடகர். கச்சேரிப் பழக்கத்தில் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவார்கள். ஆலயத்தில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே சுருதியில் சேர்ந்து பாட வேண்டும், ஆகையால் பொதுவாகக் கிடைக்கும் இடம் குறுகியது. பாட்டின் உச்ச ஸ்வரம் கீபோர்டில் நடு சி-க்கு அடுத்த மேல் சி, மிஞ்சினால் டி. அதற்கு மேல் போனால் சபை வாயை மூடிக்கொள்ளும். ட்ரான்ஸ்போஸ் பொத்தான் அதற்குத்தான் இருக்கிறது.

நம்பிக்கை: குழு நன்றாகப் பாடினால் போதும், மக்கள் கேட்டு உருகுவார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இதுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்களின் முழுமையான, உணர்வோடு கூடிய பங்கேற்பை எல்லாவற்றுக்கும் முன்னே வைத்தது. 1967 மார்ச்சில் வந்த திருவழிபாட்டு இசை பற்றிய ஏடு, மக்கள் பாட வேண்டிய பகுதிகள் அனைத்தையும் பாடகர் குழுவே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நேரடியாகக் கண்டித்தது. பாமாலையும் கீர்த்தனையும் பாடி வளர்ந்த சீர்திருத்தச் சபைகளுக்கு இது புதுச் செய்தியே இல்லை. ஆனாலும் இரு பக்கத்திலும் ஒத்திகை மேடைக்காகவே நடக்கிறது. மக்கள் எங்கே நுழைவார்கள், எந்த வரி அவர்களுக்கு வரும் என்று யாரும் கேட்பதில்லை.

சேர்ந்து பாடுவது மனிதரை இணைக்கிறது என்பது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. 2013இல் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைக் காட்டினார்கள். மூச்சு ஒன்றாவதுதான் காரணம். 2015இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு ஒன்று, கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களைவிடப் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் வேகமாக நெருக்கமானார்கள் என்று கண்டது. இந்த நன்மை பாடுகிறவருக்குத்தான் கிடைக்கிறது. அதை மேடையில் இருக்கும் பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்வது அநியாயம்.

அதே காரணத்தால், ஒருவரை எல்லோர் முன்னும் "நீங்க மட்டும் பாடிக் காட்டுங்க" என்று நிறுத்தித் திருத்துவதை நான் எதிர்க்கிறேன். அந்தக் குரல் அதன்பின் சுருங்கியேதான் வரும். பகுதியாகத் திருத்துங்கள், தேவையென்றால் முடிந்தபின் தனியே. முதல் ஐந்து நிமிடம் யார் வரவில்லை, ஏன் என்று பேசுங்கள். ஜெபம் அங்கேயே தொடங்கிவிடும்.

கடைசிப் பத்து நிமிடத்தை இப்படிச் செலவிடுங்கள். குழுவில் பாதிப்பேர் மேடையிலிருந்து இறங்கி, கோவிலின் பின்வரிசையில், பாட்டிமார் உட்காரும் இடத்தில், தாளில்லாமல் உட்காரட்டும். மேலே இருப்பவர்கள் பாடும்போது அவர்கள் சபையாகப் பாடிப் பார்க்கட்டும். எட்டாத ஸ்வரத்தையும் பிடிபடாத எடுப்பையும் அவர்கள் சொல்வார்கள். அந்த இரவே சுருதியை அரைக் கட்டை இறக்குங்கள், அந்த எடுப்புக்கு முன்னால் ஒரு தாளம் இடம் விடுங்கள்.